ஆறாவது பயனர்

பரிவின் விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜிஎஸ்டி தனி.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் பருப்பும் மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிற ஆறுமுகநயினார், விலைபோகாத பொருள் உலகத்தில் இல்லை என்ற கொள்கை உடையவர். அவரே இதைக் கண்டு கொஞ்சம் அசந்துதான் போனார். மகள் திவ்யலட்சுமி முதுகலைப் படிப்பில் சேர்ந்த அன்று, கட்டணச் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கல்விக் கட்டணம், நூலகம், ஆய்வகம், எல்லாம் சரி. அதற்குக் கீழே 'பரிவு' என்று போட்டு ஒரு தொகை.

"இது என்ன சரக்கு மக்கா?"

"பெட்டிப்பா. பரிவுப் பெட்டி. உள்ள மங்கலான கண்ணாடி ஒண்ணு, தடிச்ச கையுறை ஒரு ஜோடி, முழங்கால்ல கட்டுற மணல் பை ரெண்டு இருக்கும். மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா வயசானவங்க படுற பாடு நமக்குத் தெரியுமாம்."

ஆறுமுகநயினாருக்கு ஒரு கண்ணில் புரை. இரண்டு முழங்காலும் மழைக்கு முந்தியே மழையைச் சொல்லும். "அந்தப் பாடு எங்கிட்ட சும்மா கெடக்குல்லா. மொத்தமா எடுத்தா கொறச்சுத் தாறேன்னு சொல்லு" என்றார். பிறகு பணத்தைக் கட்டினார்.

மகள் சேர்ந்த இடம் கழக்கூட்டத்தில், மென்பொருள் அலுவலகங்களுக்குப் பின்னால் ஒரு சரிவில் இருந்தது. பெயர், மனிதமைய வடிவமைப்பு உயர்நிலையம். மனிதனும் கணினியும் எப்படிப் பழகுகிறார்கள், எங்கே முறைத்துக்கொள்கிறார்கள், யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் படிப்பு. கணினிதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பாடம். வாசலில் பெரிய எழுத்தில் 'பயனரே எங்கள் தெய்வம்' என்று பொறித்திருந்தார்கள். பெரிய கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெய்வம் என்றால் கும்பிடலாம், புகழ்ந்து பாடலாம், நேரம் வந்தால் நடையைச் சாத்திவிட்டுப் போகலாம். பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது.

அந்த வாசலுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளுவதா இழுப்பதா என்று எங்கும் எழுதவில்லை. நல்ல கதவுக்கு அறிவிப்பு தேவையில்லை என்பது துறையின் கோட்பாடு. அதனால் வந்தவர் எல்லாம் மூக்கை இடித்துக்கொண்டார்கள். முன்பு ஒரு காவலாளி நின்று "தள்ளுங்க சாரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயனரின் இயல்பான அனுபவத்தில் தலையிடுகிறார் என்று அவரை வாகன நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் திவ்யலட்சுமிக்குப் படிப்பு பிடித்திருந்தது. கிழக்கேகோட்டையில் எந்த பஸ் எந்த மூலையில் நிற்கும் என்று ஊருக்குப் புதிதாக வந்தவனால் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொல்லும் ஒரு திரையை வடிவமைப்பதுதான் அவளுடைய இறுதி ஆய்வு. மூன்று மாதம் மழையில் குடையோடு நின்று பயணிகளைப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். கொத்தவேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் நிற்பவர்கள், கோயிலுக்கு வந்து தொலைந்துபோன கூட்டம் என்று எல்லாரையும் கேட்டு, வரைந்து, திருத்தி, முடித்துவிட்டாள். கொச்சியில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் வேலையும் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை தற்காலிகச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் ஆய்வை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் நிலையத்தின் 'சுகமம்' என்ற இணையதளத்தில் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு, வேலையும் போச்சு.

செவ்வாய்க்கிழமை காலை சுகமத்தைத் திறந்தாள். இளம்பச்சைப் பக்கம். நடுவில் ஓர் இலை. அதன் கீழே 'ஆழமாக மூச்சு விடுங்கள்' என்று ஒரு வரி. சமர்ப்பிப்பதற்கான பொத்தான் இல்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கடைசியில் இலையை அழுத்தினாள். இலை மெதுவாக ஆடியது. அவ்வளவுதான்.

நேராக உதவி மேசைக்குப் போனாள். அங்கே ஆராய்ச்சி உதவியாளன் அனீஷ் இருந்தான். களியக்காவிளைக்காரன், ஒரே வாக்கியத்தில் இரண்டு மாநிலம் பேசுகிறவன். வெளியே சந்தித்தால் வாய் ஓயாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள்.

"அனீஷேட்டா, ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கிற பட்டன் எங்க?"

அனீஷ் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டான். "எங்க இருக்கும்னு நீங்க எதிர்பாக்கிறீங்க?"

"பக்கத்துக்குக் கீழ."

"கீழ இல்லன்னு கண்டப்போ எந்தா தோணிச்சு?"

"இல்லேன்னு தோணிச்சு."

"அந்த உணர்வைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்ல முடியுமா? சத்தமா யோசிங்க. இங்க சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. நாங்க உங்களைச் சோதிக்கல, பக்கத்தைத்தான் சோதிக்கிறோம்."

"அனீஷேட்டா, நேத்து சாயங்காலம் நாம ஒண்ணா நின்னு பழம்பொரி தின்னோம்."

"அதைப்பத்தி உங்களுக்கு எப்படித் தோணுது?"

இதில் அனீஷின் குற்றம் ஏதுமில்லை. ஒரு பக்கத்தைப் பயனரிடம் கொடுத்துச் சோதிக்கும்போது கூட இருப்பவர் வாயைத் திறந்து உதவிவிடக் கூடாது, உதவினால் ஆய்வு கெட்டுவிடும் என்பது இந்தத் துறையின் நியாயமான விதி. உயர்நிலையம் அந்த விதியைச் சோதனை அறையோடு நிறுத்தவில்லை. கட்டணச் சாளரம், நூலகம், உணவகம் வரைக்கும் நீட்டியிருந்தது. மத்தியானம் என்ன இருக்கு என்று கேட்டால் பரிமாறுகிறவர், "என்ன இருந்தா நல்லாயிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்பார். நினைத்தது கிடைக்காது. குறித்துக்கொள்வார்.

அனீஷ் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் குனிந்தான். "திவ்யே, உள்ளதைச் சொன்னா எனக்கும் தெரியாது கேட்டோ. தெரிஞ்சாலும் பறையக் கூடாது. உதவி மேசையில இருந்து உதவி செஞ்ச ஒருத்தனுக்குத்தான் போன மாசம் மெமோ கொடுத்தது. நீ ஷில்பா மேடத்தைப் போய்க் காணு."

ஷில்பா மேடம் பயனர் ஆய்வுப் பிரிவின் தலைவி. அவருடைய அறையில் சுவர் தெரியாது, ஜன்னலும் தெரியாது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒட்டுத்தாள்கள். விசிறி சுழன்றால் அறையே மூச்சு விடுவதுபோல இருக்கும். மூலையில் ஆளுயரத்துக்கு ஓர் அட்டைப் பெண் நின்றாள். அவளுக்கும் கழுத்தில் மாணவர் அடையாள அட்டை தொங்கியது.

"பட்டனா?" என்றார் மேடம், கனிவாக. "அதை எடுத்தாச்சு மோளே. அது பயனருக்கு வல்லாத்த டென்ஷன் கொடுத்தது. டெஸ்ட்ல அஞ்சு பேர்ல நாலு பேருக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது."

"அப்போ எப்படிச் சமர்ப்பிக்கிறது மேடம்?"

"அஞ்சு பேரும் சமர்ப்பிச்சிட்டாங்களே. நூறு சதவீதம்."

"அவங்க டெஸ்ட் அன்னைக்குச் சமர்ப்பிச்சவங்க. அன்னைக்குப் பட்டன் இருந்தது."

"இருந்திருக்கும்" என்று மேடம் ஒத்துக்கொண்டார். "நாங்க அப்படிப் பிரிச்சுப் பாக்கல."

ஐந்து என்ற எண்ணின் மகிமை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தால் அதன் குறைகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும், ஆறாவது ஆள் வீண்செலவு என்று துறையில் ஒரு கணக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்துபோகும் இடத்துக்கு அது நல்ல கணக்கு. திவ்யலட்சுமியின் வகுப்பில் மொத்தம் ஆறு பேர். சோதனை நடந்த அன்று அவள் வந்த பஸ் ஸ்ரீகாரியம் சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவள் வந்து சேர்ந்தபோது ஐந்தாவது ஆள் உட்கார்ந்து கதவைச் சாத்தியாகிவிட்டது.

"அப்போ நான் மேடம்?"

"நீ ஒரு எட்ஜ் கேஸ்." ஓரத்தில் கிடப்பவள் என்று அர்த்தம். மேடம் அதை ஆசீர்வாதம்போலச் சொன்னார். "எங்களுக்கு எட்ஜ் கேஸ்மேல ரொம்ப மரியாதை உண்டு. ஆனா நாங்க வடிவமைக்கிறது ரெம்யாவுக்கு."

ரெம்யா என்பது மூலையில் நின்ற அட்டைப் பெண். அந்த ஐந்து மாணவர்களையும் சேர்த்து அரைத்து, சராசரி எடுத்துச் செய்த கற்பனைப் பயனர். வயது இருபத்திரண்டு. சுலைமானி டீ பிடிக்கும். நேரமே கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். பதிவெண் இல்லாமல் சுகமத்துக்குள் நுழைய முடியாது என்பதால் அவளுக்கு ஒரு பதிவெண் கொடுத்திருந்தார்கள். வரவில்லை என்று யாரும் குறிக்காததால் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. ஆசிரியர்கள் அவளைப்பற்றிப் பேசும்போது குரல் தழையும். எந்தக் கேள்வியும் கேட்காத மாணவி யாருக்குத்தான் பிடிக்காது?

"எனக்குப் பட்டன் வேணும் மேடம்."

மேடம் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். "ரெம்யாவுக்கு வேண்டாம்."

அன்று சாயங்காலம் கடையில் சாக்குகளுக்கு நடுவே நின்று அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். ஆறுமுகநயினாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவருக்கு வந்தது மரியாதை.

"சரக்கே இல்லாம கடை நடத்துகான் பாத்தியா" என்றார். "கேக்கவனுக்குக் கேள்வியவே திருப்பித் தாறான். வத்தல் கேட்டு வந்தவன்கிட்ட 'வத்தல் எப்பிடி இருக்கும்னு எதிர்பாக்கீரு'ன்னு நான் கேட்டா செருப்பு வரும். அவனுக்கு பீஸ் வருது. தொழில் தெரிஞ்சவன் மக்கா."

"அப்பா, எனக்கு வேலை போயிரும்."

"அது வேற. அதுக்கு நீ பேரம் பேசணும். அவனுக்கு எது வேணும்னு பாரு."

"அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்பா. அதான் பிரச்சினை."

"ஒண்ணும் வேண்டாங்கவன் பொறந்து வரல" என்று சொல்லிவிட்டு, அவர் மல்லி மூட்டையை மோந்து பார்க்கப் போய்விட்டார்.

புதன்கிழமை திவ்யலட்சுமி இயக்குநருக்கு எழுதினாள். வியாழக்கிழமையே அவசரப் பரிவுக் கூட்டம் என்று பதில் வந்தபோது அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. இயக்குநர் டாக்டர் பகவதிப்பெருமாள் நாகர்கோவில் பக்கத்துக்காரர். மேடையில் இலக்கணத் தமிழ், தனியாகப் பேசினால் ஊர்த் தமிழ். கூட்டத்துக்கு ஆசிரியர்கள் அத்தனை பேரும் பரிவுப் பெட்டியோடு வந்திருந்தார்கள். மங்கலான கண்ணாடியை மாட்டி, கையுறையைப் போட்டு, முழங்காலில் மணலைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"நமக்கு இன்னைக்கு முதியவர் கஷ்டம் போதாது. திவ்யலட்சுமியின் கஷ்டம் வேணும்" என்றார் இயக்குநர். "பிள்ளே, உன் பையைக் கொடு."

அவளுடைய தோள்பையை ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு, கணினியின் முன் உட்கார்ந்து, இளம்பச்சைப் பக்கத்தில் பொத்தானைத் தேடினார்கள். மங்கலான கண்ணாடியோடு தேடினார்கள். ஒருவர் இலையை அழுத்தினார், அது ஆடியது, அவர் விம்மினார். ஷில்பா மேடம் "எனக்கு இங்க ஒரு தனிமை தெரியுது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கடைசியாக இயக்குநர் உட்கார்ந்தார். வெகுநேரம் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு வேதனையா பிள்ளே" என்றார்.

அனீஷ் குறிப்பேட்டில் எழுதினான்: குறை, உணரப்பட்டது. நிலை, முடிந்தது. எல்லாரும் மணல் பையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"சார், அப்போ பட்டன்?" என்றாள் திவ்யலட்சுமி.

"பட்டன்கது ஒரு தீர்வு. நாம எடுத்த உடனே தீர்வுக்குத் தாவப்பிடாது. பிரச்சினையோட கொஞ்ச காலம் குடியிருக்கணும். அதுதான் இந்தத் துறையோட ஒழுக்கம்."

"எவ்வளவு காலம் சார்?"

"அடுத்த ஆய்வு டிசம்பர்ல."

"எனக்குக் கெடு நாளைக்கு சார்."

இயக்குநர் மேடத்தைப் பார்த்தார். மேடம் உடனே ஓர் ஒட்டுத்தாளில் அழுத முகம் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டினார். "உன் பயணத்துல இது ஒரு வலி. குறிச்சாச்சு" என்றார் இயக்குநர்.

"பிரிண்ட் எடுத்து உங்க கையில கொடுத்தா ஒப்புக்கொள்வீங்களா சார்?"

பூஜை அறைக்குள் யாரோ செருப்போடு நுழைந்துவிட்டதைப்போல ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாளா?" என்றார் இயக்குநர் மெல்ல. "கையிலயா? அப்போ பயனர் அனுபவம் எங்க இருக்கு?"

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆய்வைப் பென் டிரைவ் என்கிற சிறு நினைவுக்குச்சியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் படிக்கட்டின் மேல் திவ்யலட்சுமி உட்கார்ந்திருந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே தோரணமும் விளக்குமாக அமளி. பயனருக்கு உகந்த இணையதளம் என்ற அகில இந்திய விருதுக்குச் சுகமம் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. தேர்வுக் குழு பார்வையிட வந்திருந்தது. குழுத் தலைவி பிரேமா, பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கில் ஒரு சிவந்த தடம் இருந்தது. கதவை இழுத்திருக்கிறார்.

அவர் படங்களையும் வரைபடங்களையும் பார்த்துக் களைத்துப்போய், "நல்லது. இப்போ ஒரு பயனர் வந்து எங்க கண் முன்னால செய்து காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்தக் குழுவும் பயனரைக் கேட்டதில்லை. சோதனை அன்றே சமர்ப்பித்துவிட்ட அந்த ஐந்து பேரும் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். ஒருவன் டப்ளினில், ஒருத்தி பெங்களூரில், மற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. ரெம்யாவைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று அனீஷ் கேட்டான். இயக்குநர் ஒரு நிமிடம் அதை யோசிக்கவும் செய்தார். பிறகு கண்ணாடிக் கதவை நோக்கி ஓடி, அதைத் தள்ளி, மூக்கை இடித்துக்கொண்டு, இழுத்து, வெளியே வந்தார்.

"பிள்ளே, ஒரு சின்ன உதவி."

திவ்யலட்சுமி தராசுக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவள். கடையை விட்டுத் தெருவுக்கு இறங்கி வருகிறவன் பாதி விலையை ஏற்கெனவே விட்டுக்கொடுத்தவன் என்பது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்கிட்டேருந்து என்ன எதிர்பாக்கிறீங்க சார்?"

"ஒரு பயனர் வேணும். இப்ப வேணும்."

"அது கிடைக்காதுன்னு நினைக்கும்போது என்ன தோணுது? சத்தமா யோசிங்க சார். இங்க சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது."

இயக்குநர் சத்தமாக யோசித்தார். அதில் சில வார்த்தைகள் அச்சில் வரக்கூடாதவை. பிறகு விலைக்கு வந்தார். பாராட்டுச் சான்று ஒன்று, நிலையத்தின் முத்திரை போட்ட காப்பிக் குவளை ஒன்று, பரிவுப் பெட்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்ப.

"பட்டன்" என்றாள் அவள்.

"அதை மட்டும் கேக்காத. அது கொள்கை."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். ஆரியசாலையில் புடவை கட்டத் தெரியாத பெண்கூட இருக்கலாம், படி இறங்கத் தெரியாத பெண் கிடையாது. அவசரமும் காட்டக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. நாம் படி இறங்கினால்தான் விலை படி இறங்கும்.

"நில்லு பிள்ளே. பத்து நிமிஷத்துக்கு மட்டும் தாறேன்."

பொத்தானைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய ஆய்வொன்றும் தேவைப்படவில்லை. அதை யாரும் அழித்திருக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். அனீஷ் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். பழம்பொரி தின்னும் நேரம்கூட ஆகவில்லை.

அரங்கத்தில் முதலில் இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, இந்தத் துறையைத் தொடங்கிய காலத்தில் பயனரைப்பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாத காரணத்தால் அவர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தோம். இன்று அவரை முழுமையாக அறிந்துவிட்டோம். ஆகவே அவரிடம் கேட்கவேண்டிய தேவை அறவே நீங்கிவிட்டது. சென்ற ஆண்டு சுகமத்தைப்பற்றி நாற்பது புகார்கள் வந்தன. இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. காரணம், புகார்ப் பக்கத்தை எளிமையாக்கினோம். எளிமை என்பது என்ன? வேண்டாததை நீக்குவது. நீக்கிக்கொண்டே போனோம். இன்று அந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை. யாரும் நுழையாத தளத்தில் யாரும் தடுமாறுவதில்லை. அந்தச் சிகரத்தை நாங்கள் ஏறக்குறைய எட்டிவிட்டோம். இடையே நிற்பது ஒரே ஒரு பயனர்தான்."

கைதட்டினார்கள். அந்த ஒரே ஒரு பயனர் மேடைக்குப் போய்ப் பெரிய கணினியின் முன் உட்கார்ந்தாள். நினைவுக்குச்சியைச் செருகினாள். பொத்தான் இருந்தது. நல்ல சிவப்பு. ஆய்வு பொய் சொல்லவில்லை, அதைப் பார்த்ததும் அவளுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்தது. மூன்று மாத மழையும் குடையும் கிழக்கேகோட்டையும் அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அழுத்தினாள்.

திரையில் எழுத்து மலர்ந்தது: 'நன்றி, ரெம்யா. உங்கள் ஆய்வு பெறப்பட்டது.'

நிலையத்தின் கணினிகள் எப்போதும் ரெம்யாவின் பெயரில்தான் திறந்திருக்கும். பத்து நிமிடப் பரபரப்பில் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

"சபாஷ் ரெம்யா" என்றார் பிரேமா. "எப்படி இருந்தது?"

திவ்யலட்சுமி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை" என்றார் இயக்குநர். விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. குழுவினர் தேநீருக்கும் பரிப்புவடைக்கும் எழுந்தபோது பிரேமா, "போறதுக்கு முன்னால அந்தப் பொண்ணோட ஒரு போட்டோ எடுக்கணும். ரெம்யாவை அனுப்புங்க" என்றார்.

மேடைக்குப் பின்னால் அனீஷ் அவளுடைய சொந்தப் பதிவெண்ணில் நுழைந்து, அதே ஆய்வை மறுபடியும் ஏற்றினான். சுகமம் உடனே பதில் சொன்னது. அதன் வாழ்நாளில் உடனே சொன்ன ஒரே பதில் அது. 'இந்த ஆய்வு ரெம்யாவின் ஆய்வோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது. களவுக்கான ஒழுங்கு நடவடிக்கை தொடங்கும்.'

இயக்குநரின் முகம் இறுகியது. "அடுத்தவ உழைப்பை எடுக்கது பெரிய பாவம் பிள்ளே."

"சார், அவ அட்டை."

"அட்டையா இருந்தாலும் பயனர்."

ஷில்பா மேடம் ரெம்யாவின் பெயரில் இருந்த ஆய்வைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "எத்தனை பேரைக் கண்டு பேசியிருக்கா, பாவம். மழையில மூணு மாசம் நின்னிருக்கா. நான் எப்பவும் சொல்வேன், நம்ம ரெம்யா மிடுக்கி. இந்த வருஷத் தங்கப்பதக்கம் வேற யாருக்கு?"

சுவர்க்கடிகாரத்தில் ஐந்தடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. திவ்யலட்சுமி அழவில்லை. ஷில்பா மேடத்தின் அறைக்குப் போனாள். அட்டைப் பெண்ணை இடுப்பில் வளைத்துத் தூக்கினாள். கழுத்து அடையாள அட்டை ஆட, தேநீர் மேசையை நோக்கி நடந்தாள். அவசரம் காட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

இயக்குநர் நடைபாதையில் வந்து மறித்தார். "எங்க போற?"

"பிரேமா மேடம் ரெம்யாவோட போட்டோ எடுக்கணும்னு சொன்னாங்கள்லா சார். கொண்டுபோய் நிறுத்தணும்."

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்பால் பரிப்புவடையைக் கடித்துக்கொண்டிருந்த தேர்வுக் குழுவைப் பார்த்தார். பரிவுப் பெட்டி எதுவும் மாட்டாமலே அவருக்கு அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"என்ன வேணும் பிள்ளே?"

"சான்றிதழ். இன்னைக்கே. கையெழுத்தோட."

"ரெம்யா பேருக்குத்தானே வரும்."

"வரட்டும் சார். கூட என் பேரையும் சேருங்க. ரெம்யா என்ற திவ்யலட்சுமி."

"அப்போ தங்கப்பதக்கம்?" என்று பின்னாலிருந்து ஷில்பா மேடம் பதறினார். "அது ரெம்யாவுக்குள்ளதாக்கும்."

திவ்யலட்சுமி ஒரு கணம் யோசித்தாள். பேரத்தில் எதிராளிக்கும் கொண்டுபோக ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சு விழாது. "பதக்கம் அவளுக்கே இருக்கட்டும்" என்றாள்.

வியாபாரம் படிந்தது. ஐந்து மணிக்கு முன்னால் கையெழுத்தும் விழுந்தது. திவ்யலட்சுமி தன் கழுத்தில் ரெம்யாவின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பிரேமாவோடு நின்று சிரித்தாள். அந்தப் படம் இப்போதும் நிலையத்தின் வாசலில் தொங்குகிறது. கீழே 'ரெம்யா, எங்கள் பயனர்' என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் அட்டைப் பெண் பதக்கத்தோடு நிற்கிறாள். ஐந்தடித்ததும் அனீஷ் அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கிவிட்டான். இலை ஆடத் தொடங்கியது.

திங்கட்கிழமை கொச்சியில் சான்றிதழை வாங்கிப் பார்த்த அலுவலருக்கே ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆறுமுகநயினார்தான் அதற்கு முந்தின சாயங்காலம் அந்தத் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கேட்டார்.

"ரெம்யாவா? அது யாரு மக்கா?"

"கொசுறுப்பா."

அவர் தலையசைத்தார். சரக்கோடு கொசுறு வருவது அவருக்குப் புதிதல்ல. தாளை மகளிடம் கொடுத்துவிட்டு, கடையைச் சாத்தும் முன் எப்போதும் செய்வதுபோல, விரலை மடக்கி மடக்கி வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார்.

வரவு: சான்றிதழ் ஒன்று. பெயர், உள்ளதோடு உபரியாக ஒன்று.

செலவு: வருடம் இரண்டு. மழை மூன்று மாதம். பரிவுப் பெட்டி ஒன்று, ஜிஎஸ்டி உட்பட.

கழிவு: தங்கப்பதக்கம் ஒன்று, அட்டைக்குப் போனது.

நிலுவை: இந்த வருடம் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கு, பொத்தான் ஒன்று.